மேடையில் சொன்ன மரணம்

ஏப்ரல் பிறந்து மலைச்சரிவில் காட்டுப்பூண்டு தலைகாட்டிவிட்டால், மேற்கு வர்ஜீனியாவில் ஓட்டுக் கேட்கிற எவனும் அதிலிருந்து தப்ப முடியாது. ஊருக்கு ஊர் தீயணைப்புக் கூடத்தில் சனிக்கிழமை விருந்து. பன்றிக் கொழுப்பில் வதக்கிய பூண்டும் உருளைக்கிழங்கும், பக்கத்தில் பீன்ஸும் சோள ரொட்டியும். தின்றவன் வியர்வையில்கூட அந்த நாற்றம் இரண்டு மூன்று நாள் நிற்கும். ஆனாலும் வேட்பாளர் தின்றாக வேண்டும். தின்னாதவனைத் தலைநகரத்துக்காரன் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பிரையர் மாவட்டத்துக் கூடத்தில் அன்றைக்கு வக்கீல் டாய்ல் எஸ்டெப் இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசி இல்லை. தட்டு காலியானால் எழுந்து போய்க் கை குலுக்க வேண்டும். கை கொடுத்தவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். அதற்கு இப்படித் தின்றுகொண்டிருப்பதே மேல் என்று இருந்தது.

பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே மாவட்டம். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டவர்களுக்காக முப்பது வருஷம் வழக்காடியவர். அந்தக் கூடத்தில் இருந்த பாதிக் குடும்பங்களுக்கு எப்போதோ ஒரு தடவை அவர் கோர்ட்டில் நின்றிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாநில சட்டசபையில் ஒரு புதுச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் நோய் சுரங்கத்தால் வந்ததுதான் என்று நிரூபிப்பது கல்லில் நார் உரிக்கிற கதையாகிவிட்டது. வழக்குக்கு மேல் வழக்குத் தோற்றார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வந்து உட்கார்ந்தவர்களிடம், "இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோனது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மாநில செனட் தலைவர் பிரெஸ்டன் ஹால்ஸ்டெட். அவர் கவர்னர் பதவிக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே டாய்லும் பெயர் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே கட்சி. அந்த மாநிலத்தில் அந்தக் கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும்; அதன் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்துவிட்டால் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. எல்லாச் சண்டையும் மே மாதத்துக்குள் முடிந்துவிடும்.

"என்ன வக்கீலே, ரெண்டாவது ரவுண்டா?" என்று எதிர்நாற்காலியில் வந்து விழுந்தான் ஹோபர்ட் லில்லி. பழைய சுரங்கத் தொழிலாளி. ஆக்சிஜன் சிலிண்டரை நாய்க்குட்டி மாதிரி பக்கத்தில் உருட்டிக்கொண்டு வருவான். "நம்ம சுரங்கச் சங்கத்துக்காரங்க ஹால்ஸ்டெட்டுக்கு ஆதரவுன்னு நேத்து ரேடியோவுல சொன்னாங்களே, கேட்டியா?"

"கேட்டேன்."

"எனக்கும் மனசு கேக்கல. ஆனா என்ன பண்றது? ஜெயிக்கிறவன் பக்கம் இருந்தாத்தான் நாளைக்கு ஏதாவது கேக்க முடியும்ங்கிறாங்க."

"நீ யாருக்குப் போடப் போற ஹோபர்ட்?"

ஹோபர்ட் பீன்ஸைக் கரண்டியால் கிண்டினான். "உனக்குத்தான் போடணும்னு இருக்கேன்" என்றான். இருபது வருஷத்துக்கு முன்னால் இவனுக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்த அன்று, கோர்ட் வாசலில் டாய்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கியவன் இவன்.

திரும்பும் வழியில் காரை ஓட்டியது பெவர்லி ஷ்ரூஸ்பரி. அலுவலகத்தில் அவருடைய கூட்டாளி. இப்போது பிரசாரத்தையும் அவள்தான் நடத்தினாள். ஜன்னல்களை முழுசாக இறக்கிவிட்டிருந்தாள்.

"நாறுது உன்மேல. நாமதான் மூணாவது இடம். மூணாவதுன்னா கௌரவமான மூணாவது இல்ல, நாலாவதுக்கு ஒட்டின மூணாவது. ஞாயித்துக்கிழமை டிவி விவாதம்தான் கடைசி சான்ஸ். அதுலயும் சட்டப் பிரிவு நம்பர் சொல்லிக்கிட்டு நின்னேன்னு வை, நானே டிவியை அணைச்சுட்டுப் போய்த் தூங்கிடுவேன்."

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"ஜனங்க அழற மாதிரி ஏதாவது. முப்பது வருஷமா இந்த மலையில இருக்கிற அத்தனை பேர் கதையும் உனக்குத் தெரியும். ஒண்ணுகூடவா வாயில வரல?"

டாய்ல் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தார்.

விவாதம் தலைநகரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் பகல் வேளையில் நடந்தது. நாலு வேட்பாளர்கள், நாலு மேசை. முதல் பாதியில் டாய்ல் எப்படிப் பேசினார் என்பதை அவருடைய மனைவி நெல்டா பின்னால் ஒரே வார்த்தையில் சொன்னாள்: "வக்கீல் மாதிரி." கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில்தான். ஒன்றும் யார் மனதிலும் ஒட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டதை மேடையிலிருந்தே டாய்ல் பார்த்தார்.

புதுச் சட்டத்தைப் பற்றிக் கேள்வி வந்ததும் ஹால்ஸ்டெட் சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார். வெள்ளைத் தலை, மாதாகோயில் பாட்டுக்குழுவில் நிற்கிற மாதிரி இனிமையான குரல்.

"டாய்ல் எனக்கு நண்பர்தாங்க. ஆனா ஒரு விஷயம் சொல்லணும். நோயாளி இருமினா டாக்டர் மருந்தை எடுப்பாரு. டாய்ல் பேனாவை எடுப்பாரு." அரங்கம் சிரித்தது. "நாங்க அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததுல நஷ்டம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? சுரங்கத் தொழிலாளிக்கா? இல்லீங்க. அவங்க இருமல்ல வீடு கட்டின வக்கீலுங்களுக்கு."

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. டாய்லுக்கு முகம் சுட்டது. ஒரு மாதமாகத் தின்ற பூண்டும், பார்வையைத் திருப்பிக்கொண்ட முகங்களும், ஹோபர்ட் கிண்டிய பீன்ஸும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு ஏறின. எழுதி வைத்திருந்த குறிப்பை மறந்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"நான் ஒரு அடுப்படியைப் பத்திச் சொல்றேன். பிரையர் மாவட்டத்துல ஒரு ஓடைக்கரை வீடு. அந்த வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் மண்ணுக்குக் கீழ வேலை பாத்தவரு. கடைசியில செருப்பு மாட்டறதுக்குக்கூட அவரால குனிய முடியல. பொண்டாட்டிதான் குளிப்பாட்டணும், பொண்டாட்டிதான் ஊட்டணும். உங்க சட்டம் வந்துச்சு, அவரு மனு தள்ளுபடி ஆச்சு. ஒருநாள் காலையில அந்தம்மா மாதாகோயிலுக்குப் போயிருந்தப்ப, அவரு ஆக்சிஜன் குழாயைக் கழட்டி, அழகா சுருட்டி மேசை மேல வெச்சாரு. அவங்க திரும்பி வந்து துடைக்கக் கஷ்டப்படக் கூடாதுன்னு தரையில பழைய போர்வையை விரிச்சாரு. அப்புறம் மான் சுடற துப்பாக்கியை எடுத்தாரு. இருமல்ல யாரு வீடு கட்டினதுன்னு அந்த அடுப்படியில போய்க் கேளுங்க மிஸ்டர் ஹால்ஸ்டெட்!"

முன்வரிசையில் கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அது முன்னால் வர வர மழை மாதிரி ஆனது. ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஹால்ஸ்டெட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாய்ல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாழ்க்கையிலேயே அப்படி ஒரு கைதட்டலை அவர் கேட்டதில்லை. அது இன்பமாக இருந்தது என்பதை அவரால் மறுக்க முடியாது.

மேடைக்குப் பின்னால் பெவர்லி ஓடிவந்து அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த இதை? அந்தப் போர்வை! ஐயோ, அந்தப் போர்வை!"

நெல்டா சுவரோரம் நின்றிருந்தாள். கூட்டம் விலகியதும் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"லோனி டாக்கெட்டா அது?"

டாய்ல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"துப்பாக்கி துடைக்கும்போது வெடிச்சுடுச்சுன்னுதானே அவன் பொண்டாட்டி ஓப்பல் சொன்னா? அடக்கத்துக்கு நானே உருளைக்கிழங்கு சாலட் பண்ணி எடுத்துட்டுப் போனேனே. எங்கிட்டகூட நீ சொன்னதில்ல டாய்ல்."

"நான் பேரைச் சொல்லல."

"ஓடைக்கரை வீடு. துப்பாக்கி. பொண்டாட்டி மாதாகோயில்ல." நெல்டா கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "பிரையர் மாவட்டத்துல பேரு எதுக்கு?"

ஓப்பல் டாக்கெட்டின் நிலைமை இப்படி: விதவை உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டுமானால், நோய்தான் கணவனைக் கொன்றது என்று காட்ட வேண்டும். துப்பாக்கி தவறி வெடித்தது என்றால் ஒன்றும் கிடைக்காது. நோய் தாங்காமல் தானே சுட்டுக்கொண்டார் என்ற உண்மையைச் சொன்னால் வழக்கு நிற்கும்; ஆனால் தற்கொலை செய்தவனுக்கு நரகம்தான் என்கிற அவளுடைய மாதாகோயிலில், அவள் இருக்கிற ஓடைக்கரையில், லோனியின் பெயர் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தவளை, அவளுடைய வக்கீலான டாய்ல்தான் பேச வைத்தார். மூடிய அறையில் விசாரணை, ஆவணங்கள் வெளியே போகாது என்று நீதிபதியிடம் உத்தரவும் வாங்கினார். வழக்கு இன்னும் முடியவில்லை.

மறுநாள் காலை ரேடியோவில் எங்கே திருப்பினாலும் அதே குரல், அவருடைய சொந்தக் குரல். அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. வேலை செய்ய வருகிறோம் என்றவர்கள், வாசலில் பலகை நடுகிறோம் என்றவர்கள். பெவர்லி ஒரு படப்பிடிப்பு ஆளை வரவழைத்துவிட்டாள். "காலி அடுப்படி ஒண்ணு, மேல உன் குரல், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடணும். அன்னையர் தினத்துக்கு வீடு பூரா டிவி முன்னாடி உக்காந்திருக்கும்."

பத்து மணி வாக்கில் ஓப்பலின் மகள் டரீனா வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். தலைமுடிக்கு மேல் போடுகிற வலையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வரவேற்பறையிலேயே நின்றுகொண்டாள்.

"எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு எனக்கு நேத்துதான் தெரியும்" என்றாள். "டிவியில பாத்துத் தெரிஞ்சுகிட்டேன். தேங்க்ஸ்."

"டரீனா, உள்ள வாம்மா..."

"எங்கம்மா எங்கிட்டயே சொல்லல. பெத்த பொண்ணு நான். எங்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. இன்னிக்கு என் பையன்கிட்ட பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கேட்டிருக்கான், 'உங்க தாத்தா நரகத்துலயா இருக்காரு'ன்னு. அவன் என்ன பதில் சொல்லணும், வக்கீல் சார்? நீங்க நல்லாப் பேசறவராச்சே, சொல்லிக் குடுங்க."

பின்னால் மேசையில் தொலைபேசி அடித்தது, பெவர்லி ஓடிப்போய் எடுத்து, "ஆமா, அதே டாய்ல் எஸ்டெப்தான்!" என்று உற்சாகமாகச் சொன்னது வரவேற்பறை வரை கேட்டது. டரீனா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அன்று மத்தியானமே டாய்ல் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு ஓப்பல் இருக்கிற ஸ்லேட் ஓடைக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரெட்பட் மரங்கள் சாலையோரம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டியிருந்தன. பாலம் தாண்டும்போது ஓரத்தில் நின்ற இரண்டு பேர் காரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அந்த நிமிஷம் அவருக்குள் ஓர் எண்ணம் நுழைந்தது. அதை விரட்ட நினைத்தார். அது போகவில்லை.

ஓப்பல் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. அவரைக் கண்டதும் வேலையை நிறுத்தவில்லை.

"மிசஸ் டாக்கெட்."

"பாதிரியார் காலையில வந்துட்டுப் போனாரு" என்றாள், துணிக்கிளிப்பை வாயிலிருந்து எடுத்தபடி. "ரொம்ப அன்பா பேசினாரு. அவ்வளவு அன்பா அவரு எங்கிட்ட பேசினதே இல்ல. எனக்கு அது பொறுக்கல."

"நான் செஞ்சது தப்பு. எப்படி அது வாயில வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

"எனக்குத் தெரியும். அந்த ஆளு உங்களைப் பாத்துச் சிரிச்சான். நீங்க கைக்குக் கிடைச்சதை எடுத்து எறிஞ்சீங்க." ஒரு தலையணை உறையை உதறினாள். "நல்லா சொன்னீங்க டாய்ல். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யாரோ பாவம்னு எனக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்புறம்தான் அது என் அடுப்படின்னு உறைச்சது."

டாய்ல் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போதாவது திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"மிசஸ் டாக்கெட், ஒண்ணு கேக்கட்டுமா? இப்ப விஷயம் வெளிய வந்துடுச்சு. திரும்ப உள்ள போகாது. ஆனா இதனால அந்தச் சட்டம் போகும்னா... நான் ஜெயிச்சா முதல் வேலை அதுதான். உங்களை மாதிரி எத்தனை பேரு இருக்காங்க! நீங்களே ஒரு தடவை டிவியில வந்து... ஒரு நிமிஷம்தான்..."

சொல்லும்போதே தன் குரல் தனக்கே அசிங்கமாகக் கேட்டது. முப்பது வருஷமாகச் சாட்சிகளைச் சம்மதிக்க வைக்கிற அதே மெதுவான, இதமான குரல்.

ஓப்பல் அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"இதைக் கேக்கத்தான் வந்தீங்களா?"

"இல்ல. நான் மன்னிப்பு..."

"அந்தப் போர்வையைப் பத்தி உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன் தெரியுமா? சாகறப்பகூட அந்த மனுஷன் என்னை நினைச்சாரு. அதை ஒரு ஆள்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. ஒரே ஒரு ஆள்கிட்ட. கோர்ட்டுக்காக இல்ல." காலிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்குத்தான் ஓட்டுப் போடறதா இருந்தேன். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். போங்க டாய்ல். மழை வர்ற மாதிரி இருக்கு."

வானம் பளிச்சென்று இருந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது விளம்பரம் தயாராக இருந்தது. பெவர்லி போட்டுக் காட்டினாள். யாருடையதோ ஓர் அடுப்படி, ஜன்னல் வெளிச்சம், தரையில் விரித்த ஒரு போர்வை, மேலே அவருடைய குரல்.

"போர்வையை எடுத்துடு" என்றார் டாய்ல்.

"போர்வைதான் விளம்பரமே. டாய்ல், இப்ப நாம ரெண்டாவது இடம். நேத்து வரைக்கும் என் சொந்த அண்ணன்கூட உன் பேரை மறந்துட்டுத்தான் இருந்தான். அந்தம்மாவுக்குக் கோபம் இருக்கும், சரி. சட்டம் போச்சுன்னா அதே அம்மா உன்னை வாழ்த்துவாங்க. வேணாம்னா இப்பச் சொல்லு. நிறுத்திடறேன்."

அவள் காத்திருந்தாள். டாய்ல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தோற்றால் என்ன மிச்சம் என்று நினைத்துப் பார்த்தார். அந்தச் சட்டம் இருக்கும். ஹால்ஸ்டெட் இரண்டு தவணை, எட்டு வருஷம் கவர்னராக இருப்பார். ஆக்சிஜன் குழாயோடு வருகிறவர்களிடம் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு சாகிறவரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெவர்லி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அது சம்மதம்தான் என்று அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை விளம்பரம் ஓட ஆரம்பித்தது. கூட்டங்களில் ஆட்கள் நிற்க இடமில்லை. கை கொடுக்கிறவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் நெல்டா சாப்பாடு எடுத்து வைத்தாள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், பேசுவது மட்டும் குறைந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். வடக்கே ஒரு கூட்டத்துக்குப் போகிற வழியில் டாய்லும் பெவர்லியும் சாலையோர உணவகம் ஒன்றில் நிறுத்தினார்கள். அம்மாக்களைச் சாப்பிடக் கூட்டிவந்த குடும்பங்களால் இடம் நிறைந்திருந்தது. அம்மாக்கள் எல்லோரும் சட்டையில் பூக் குத்தியிருந்தார்கள். மூலையில் டிவி. விளம்பரம் வந்ததும் பரிமாறுகிற பெண் சத்தத்தைக் கூட்டினாள். தரையில் விரித்த போர்வையை எல்லோரும் பார்த்தார்கள். முள்கரண்டியைப் பிடித்தபடியே ஒருவர் தலையை ஆட்டினார்.

பக்கத்து மேசையிலிருந்து வயதான ஒரு பெண்மணி எழுந்து வந்து டாய்லின் கையைத் தொட்டாள்.

"உங்களுக்கு அவரை நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனாரு" என்றாள் அவள், காதோரம் குனிந்து. "நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுச்சு. அந்த வீட்டம்மா ரொம்பத் தைரியசாலி. ஊரறியச் சொல்லச் சம்மதிச்சாங்களே! நான் கேட்டதா சொல்லுங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

டாய்ல் அவளைப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. 'சொல்றேன்' என்றுதான் சொன்னார். அதைவிடக் கேவலமான பொய்யை அவர் எந்தக் கோர்ட்டிலும் சொன்னதில்லை. எழுந்து, கழிவறைப் பக்கம் இருந்த தொலைபேசிக்குப் போய், டிவி நிலையங்களின் எண்களைச் சுழற்ற ஆரம்பித்தார். பெவர்லி பின்னாலேயே வந்து அவர் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"என்ன பண்ற நீ?"

"நிறுத்தச் சொல்றேன்."

"செவ்வாய்க்கிழமை தேர்தல்! கணிப்புல ஹால்ஸ்டெட்டைத் தொட்டுட்டோம். தொட்டுட்டோம் டாய்ல்!"

"நிறுத்து பெவ்."

அவள் ரிசீவரை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. கோபத்தால்தான். "அன்னிக்கு ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னியே, அப்பச் சொல்லியிருக்கணும். அப்பச் சொல்லியிருந்தா உன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். இப்ப அந்தம்மாவையும் வித்தாச்சு, வித்த காசையும் வேணாங்கிற. ரெண்டும் போச்சு. புரியுதா? ரெண்டும்!"

புரிந்தது. அவளே நிலையங்களைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அப்புறம் கார் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, தன் அண்ணனைக் கூப்பிட்டு வரச் சொல்லி, உணவக வாசலில் போய் நின்றுகொண்டாள்.

விளம்பரம் திடீரென்று நின்றதும் பேச்சு கிளம்பியது. கதையே பொய்யாம், அப்படி ஒரு ஆளே கிடையாதாம் என்று ரேடியோவில் கூப்பிட்டுச் சொன்னார்கள். 'அடுப்படியும் செட்டு, போர்வையும் செட்டு, கண்ணீரும் செட்டு' என்று ஒருவன் கேலி செய்தான். உண்மைதான் என்று டாய்ல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி 'யார்' என்பதுதான். திங்கட்கிழமை முழுவதும் நிருபர்கள் கேட்டார்கள். "அதைப் பத்திப் பேச மாட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மாலைச் செய்தியில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஆள் மாதிரியே தெரிந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் தோற்றார். சுமாரான தோல்வி இல்லை. ஹால்ஸ்டெட் எங்கேயோ இருந்தார், டாய்ல் கடைசி ஆளோடு சேர்ந்து கிடந்தார். சொந்த மாவட்டத்திலேயே தோல்வி. வீடு வீடாகத் தெரிந்த ஸ்லேட் ஓடை வாக்குச்சாவடியில் அவருக்கு விழுந்த ஓட்டுகளை விரல் விட்டு எண்ணலாம்.

தீயணைப்புக் கூடத்திலேயே ஒரு சின்னக் கூட்டம் காத்திருந்தது. நெல்டாவும் ஹோபர்ட்டும் அலுவலகத்துப் பெண்களும் இன்னும் சிலரும். கேமரா ஒன்றே ஒன்று. டாய்ல் மைக் முன்னால் நின்று ஹால்ஸ்டெட்டுக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு, "நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்பு..." என்று ஆரம்பித்தார்.

அங்கேயே நின்றுவிட்டார். மன்னிப்பு என்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். எதற்கு என்று சொன்னால் அந்த அடுப்படிக் கதவை ஊர் முன்னால் இன்னொரு தடவை திறக்க வேண்டும். கேமரா காத்திருந்தது. கூட்டம் காத்திருந்தது.

"உழைச்ச எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஹோபர்ட் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து அவர் தோளில் கை வைத்தான். "உனக்குத்தான் போட்டேன்" என்றான். பொய்யாக இருக்கலாம். டாய்ல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்த வாரமே வக்கீல்களை விசாரிக்கிற குழுவுக்கு, தன்னிடம் வழக்குக் கொடுத்தவளின் ரகசியத்தை மேடையில் சொன்னதாகத் தன்மேல் தானே புகார் எழுதிப் போட்டார். நெல்டா படித்துப் பார்த்துவிட்டு, "இதாவது செஞ்சியே" என்றாள். தேர்தலுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். குழு அவருக்குச் சில மாதம் வழக்காடத் தடை போட்டது.

ஓப்பல் வக்கீலை மாற்றிக்கொண்டாள். பக்கத்து மாவட்டத்தில் மெரிடித் என்ற இளம் பெண் வக்கீல். வழக்கைப் புரிந்துகொள்ள மெரிடித் டாய்லிடம் வந்தபோது, தெரிந்ததையெல்லாம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். எந்த டாக்டரை எப்படிக் கேட்க வேண்டும், கம்பெனி வக்கீல் எங்கே மடக்குவான் என்பது வரை. போர்வையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கிளம்பும்போது மெரிடித்தான் தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. தேர்தலுக்கு முந்தின நாள் ஹால்ஸ்டெட் ஆளுங்க ஓப்பலைத் தேடிப் போயிருக்காங்க. கேமராவோட. 'டாய்ல் எனக்குத் துரோகம் பண்ணிட்டாரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு கெஞ்சியிருக்காங்க. ஓப்பல் நாயை அவுத்து விட்டுட்டாங்க."

டாய்லுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. "எனக்காகவா?"

"நானும் அதைத்தான் கேட்டேன்." மெரிடித் தரையைப் பார்த்தாள். "'அந்த ஆளுக்காக இல்ல, லோனிக்காக'ன்னு சொன்னாங்க."

விசாரணை அக்டோபரில் வந்தது. உள்ளே போக டாய்லுக்கு அனுமதி இல்லை. வரச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனாலும் போய் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் கதவு திறந்தது. முதலில் கம்பெனி வக்கீல்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே ஓப்பல் தோற்றுவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் மெரிடித், முகம் வெளுத்துப்போய், நேராகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள்.

கடைசியாக ஓப்பல் வந்தாள். மாதாகோயிலுக்குப் போடுகிற கோட் போட்டிருந்தாள். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் நின்றாள். டாய்ல் எழுந்து நின்றார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அவள் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

"டரீனா காரை எங்க நிறுத்தினான்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பின்வாசல்ல, பேங்க் பக்கத்துல."

"படி எந்தப் பக்கம்?"

அவர் கையைக் காட்டினார். அவள் தலையசைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.